பன்னிரண்டாவது தகடு

உட்காருங்கள் தம்பி. மேடம் பாண்டிக்குப் போயிருக்கிறார்கள், சாப்பாட்டு வேளைக்குள் வந்துவிடுவார்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் மை இருக்கும். எங்கே என்று தேடாதீர்கள், எழுந்த பிறகுதான் தெரியும். இப்படி ஸ்டூலில் உட்காருங்கள்.

படம் பார்க்கத்தானே மெட்ராஸிலிருந்து வந்தீர்கள்? பாருங்கள். கை வைக்காமல் பாருங்கள். அதோ சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு. முதலாவதில் சுவர் பூசுகிறாரே கொத்தனார், அது நான். அடுத்ததில் உப்பு வாருகிறவர், நான். அதற்கடுத்து மூட்டை தூக்குகிறவர், கல் உடைக்கிறவர், படகு தள்ளுகிறவர், எல்லாம் நான்தான். மரக்காணத்திலிருந்து இந்தக் கூனிமேடு வரைக்கும் இத்தனை தொழிலையும் பார்த்த ஆள் நான் ஒருத்தன்தான். நின்று பார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்பது சும்மா இல்லை, சொல்கிறேன்.

சிரிக்கிறீர்கள். பன்னிரண்டாவதைப் பார்த்துத்தானே? வருகிறவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து அதே இடத்தில்தான் சிரிக்கிறார்கள். அதிலும் நான்தான். கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

உள்ளே என்ன சத்தம் என்று பார்க்கிறீர்களா? பிரஸ் ஓடுகிறது. என் வீட்டுக்காரி சுற்றுகிறாள். எனக்குத் தோள்பட்டை வலி, அது சரியாகிற வரைக்கும் அவள் சுற்றட்டும் என்று விட்டிருக்கிறேன். இரண்டு வருஷமாகச் சரியாகவில்லை.

என் பெயர் ஏகாம்பரம். பதினாறு வருஷமாக மேடத்திடம் இருக்கிறேன். வசுந்தரா மேடம் என்றால் டில்லி வரைக்கும் தெரியும் என்கிறார்கள். டில்லியை நான் பார்த்ததில்லை. வேலை என்னவென்றால், செப்புத் தகட்டில் மெழுகைப் பூசி, அதில் ஊசியால் படம் கீறி, ஆசிட்டில் போடுவார்கள். கீறின இடத்தை ஆசிட் தின்றுவிடும். அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்து, மேலே நிற்கிற மையைத் துடைத்து, நனைத்த காகிதத்தை வைத்து, கம்பளியைப் போர்த்தி, இரண்டு உருளைக்கு நடுவில் விட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் பள்ளத்து மை காகிதத்தில் ஏறிவிடும். கீறுவது மேடம். மற்றதெல்லாம் நான். அதாவது, அப்போது நான்.

இதை மாமியார் வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியுமா? என் மச்சினன் தணிகாசலம், லாரி வைத்திருக்கிறான், வாய் கொஞ்சம் அதிகம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை இங்கே வந்து பிரஸ்ஸைப் பார்த்தான். பெரிய சக்கரம், இரண்டு உருளை. பார்த்தவுடனே, "இன்னா மாமா, கரும்பு ஜூஸ் மெஷினு!" என்றான். அன்றோடு போயிற்று. பொங்கலுக்குப் போனால், "மாமா, இஞ்சி எலுமிச்ச போட்டு ஒரு கிளாஸ்." தீபாவளிக்குப் போனால், "மாமா, ஐஸ் வேணாம், தொண்ட கட்டிக்குது." கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எதிரிலேயே கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். என் வீட்டுக்காரி பூங்காவனம் சிரிக்க மாட்டாள். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் முதுகு மட்டும் குலுங்கும்.

சரி. இந்த வரிசைக்கு வருவோம். 'உழைப்பு' என்று பேர் வைத்தார்கள் மேடம். பன்னிரண்டு படம், மெட்ராஸில் கண்காட்சி. ஆளுக்கு எங்கே போவது? கொத்தனாரைக் கூப்பிட்டால் வேலை கெடும், உப்பளத்துக்காரரைக் கூப்பிட்டால் வெயில் போய்விடும். "ஏகாம்பரம், நீங்களே நில்லுங்க," என்றார்கள். கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். நான் பூசுகிற மாதிரி நின்றேன்.

மேடம் காகிதத்தில் வரைந்து பிறகு தகட்டில் ஏற்றுகிற ஆள் இல்லை. ஆளைப் பார்த்து நேராகத் தகட்டிலேயே கீறுவார்கள். அப்படிக் கீறினால் என்ன ஆகும்? அச்சில் எல்லாம் திரும்பி வரும். வலது இடதாகும். மேடத்துக்கு அது தெரியும், அவர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. முதல் படம் அச்சாகிக் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தபோது கூரை ஒழுகுகிறது என்று கன்னியப்பன் மேஸ்திரி வந்தார். ஏணியைச் சாத்திவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இது, பீச்சாங்கைக் கொத்தனாரு?"

மேடம் முகம் சுருங்கிவிட்டது. மேஸ்திரி விடவில்லை.

"பீச்சாங்கையில பூசுனா எவன்மா வூட்டுக்குள்ள விடுவான்? சொவுத்துக்கே பொறுக்காது."

அந்தத் தகட்டையே மேடம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இப்போது சுவரில் இருப்பது இரண்டாவது தடவை செய்தது. அதிலிருந்து ஏற்பாடு என்னவென்றால், நான் எல்லாவற்றையும் இடது கையில் பிடிக்க வேண்டும். அச்சில் அது சரியாக வலது கையாகிவிடும். சம்மட்டி இடது கையில். உப்பு வாருகிற பலகை, இடது கை முன்னால். மூட்டை இடது தோளில். பதினோரு தொழிலையும் நான் இடது கையால் கற்றுக்கொண்டேன் தம்பி. யாருக்கு வரும் அது?

நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சம்மட்டியை ஓங்குகிறவன் ஓங்கிப் போட்டுவிடுவான், முடிந்தது. நான் ஓங்கியது ஓங்கியபடி முக்கால் மணி நேரம் நிற்பேன். ஒரு நாள் வீட்டுக்குத் தள்ளாடிப் போய்ப் படுத்துவிட்டேன். பூங்காவனம் சித்தாள் வேலைக்குப் போகிறவள், கலவை சுமப்பாள். அவளும் அப்போதுதான் வந்து, தலையிலிருந்து சும்மாட்டுத் துணியை எடுத்து உதறினாள். வீடெல்லாம் சிமெண்ட் தூசி.

"எனக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு பூங்காவனம்," என்றேன்.

"எதுனால?"

"மூட்ட தூக்குனேன்."

"மூட்டையில இன்னா?"

"பஞ்சு. கனமா இருக்குறாப்பல தெரியணும், அதுக்குத்தான் ஆளு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் விளக்கினேன். "நீ சொமந்துகினு நடந்துடறே. நடந்தா பாரம் தெரியாது. அசையாம சொமக்கிறான் பாரு, அவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப நாளைக்கு நீங்க சைட்டுக்கு வாங்க," என்றாள். "நான் போயி மேடம்கிட்ட நிக்கறேன்."

அவளுக்கு இதெல்லாம் விளையாட்டு. தோளைக் காட்டினேன். தைலம் தேய்த்துவிட்டாள். அவள் கை சொரசொரப்பு, எரிந்தது. சொன்னேன். மெதுவாகத் தேய்த்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் தணிகாசலம் அனுமந்தையில் வீடு கட்டினான். மாடி வீடு. கன்னியப்பன் மேஸ்திரிதான் வேலை. பூங்காவனம் அங்கேதான் கலவை சுமந்தாள், தம்பி வீடு ஆயிற்றே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனேன். ஹாலில் பூச்சு நடந்தது. மேஸ்திரி கரண்டியைப் பிடித்த விதம் எனக்குத் திருப்தியாக இல்லை. மணிக்கட்டு தாழ்ந்திருந்தது. படத்தில் அப்படி வந்தால் கையில் உயிர் இருக்காது.

"மணிக்கட்ட தூக்குங்க மேஸ்திரி," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கரண்டியை வாங்கினேன். கலவையை அள்ளி அடித்தேன். ஒரு முழம் அகலத்துக்குப் பூசினேன். சாரத்தில் நின்ற ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அப்போது கர்வமாகத்தான் இருந்தது.

"ஏகாம்பரம், பீச்சாங்கையில பூசுறியேப்பா," என்றார் மேஸ்திரி.

"படத்துல இது சோத்தாங்கையா வரும்," என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தணிகாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டான். பூங்காவனம் கலவைச் சட்டியோடு வாசல் பக்கம் திரும்பி நின்றாள். முதுகு குலுங்கிற்று. சட்டி சாயவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நான் பூசின இடம் காய்ந்த பிறகு ஒரு புடைப்பாக நின்றுவிட்டது, பலாப்பழத்தைச் சுவருக்குள் வைத்த மாதிரி. உடைத்துப் பூசலாம் என்றார் மேஸ்திரி. தணிகாசலம் கேட்கவில்லை. "இருக்கட்டும் மேஸ்திரி. வர்றவங்களுக்கு எங்க மாமா வேலன்னு காட்டணும்."

அங்கே வைத்துத்தான் நான் வாயை விட்டேன். "டேய் தணிகா, உன் கிரகப்பிரவேசத்துக்கு நான் ஒரு படம் கொண்டாறேன். என் வேலையில நான் நிக்கிற படம். மேடம் கையெழுத்துப் போட்ட படம். கண்ணாடி போட்டுக் கொண்டாறேன். ஹாலுல மாட்டு. அதுக்கப்புறம் ஜூஸு கேளு."

"மாட்டறேன் மாமா," என்றான். "ஆனா மூஞ்சி நீயா இருக்கணும்."

தை மாதம் கிரகப்பிரவேசம். இது ஆவணி. பதினொன்றாவது தகடு முடிந்திருந்தது. ஒன்றுதான் பாக்கி. எனக்கு அந்த ஒன்று வேண்டும்.

மேடத்திடம் கேட்டேன். "பன்னண்டாவது என்ன தொழில் மேடம்?"

"யோசிக்கிறேன் ஏகாம்பரம். ஒண்ணும் அமையல."

"நம்ம தொழில் மேடம். பிரஸ் சுத்துறது."

மேடம் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார்கள். "பதினாலு வருஷமா கண்ணு எதிர்ல இருக்கு. ஏன் எனக்குத் தோணல?"

"கிட்ட இருக்கிறது தெரியாது மேடம்," என்றேன். நானே யோசித்துச் சொன்னது.

மறுநாளே ஆரம்பித்தோம். பதினோரு தடவை பிறத்தியார் தொழிலுக்கு நின்றவன், இப்போது என் சொந்தச் சக்கரத்தின் முன்னால் நிற்கிறேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன், மேடம் கழற்றச் சொல்லிவிட்டார்கள். இடது கையைச் சக்கரத்தின் மேல் ஆரக்காலில் வைத்தேன், காலை அகட்டினேன், முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். முகம் முக்கியம் ஆயிற்றே. மேடம் கீறினார்கள். கொஞ்ச நேரத்தில் ஊசியை வைத்துவிட்டார்கள்.

"சுத்துங்க ஏகாம்பரம்."

சுற்றினேன். ஆனால் என்னை அறியாமல் பாதிச் சுற்றில் நின்றுவிடுகிறேன். மேடம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் உடம்பு தானாக நின்றுவிடுகிறது. பழக்கம் அப்படி. அன்று சாயந்திரம் மேடம் மெழுகை வழித்துவிட்டார்கள். மறுநாள் மறுபடி. மறுபடி வழித்துவிட்டார்கள். மூன்றாவது நாள் சொன்னார்கள், "வேலை செய்யற மாதிரியே நிக்கறீங்க. வேலை செஞ்சா எப்படி இருக்கும்னு மறந்துட்டீங்க போலிருக்கே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். செய்கிற மாதிரி நிற்பதுதானே கலை?

நாலாவது நாள் நல்ல மழை. சைட்டில் வேலை நின்றுவிட்டது. பூங்காவனம் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். தலையில் சும்மாடு, அதன்மேல் குண்டான். குண்டானை இறக்கி வைத்தாள், சும்மாட்டை எடுக்க மறந்துவிட்டாள். எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. சக்கரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நான் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரு ஆள் செய்ய முடியாததுதான் சிக்கல்.

"ஏ பூங்காவனம், இந்தச் சக்கரத்தக் கொஞ்சம் சுத்து. ஓடற மாதிரி இருக்கணும், அவ்ளோதான். நான் இப்டி ஜன்னலாண்ட நிக்கறேன், கை மட்டும் சக்கரத்துமேல இருக்குறாப்பல."

"சோறு ஆறிடும்."

"ஆறட்டும்."

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். ஒரு காலைத் தூக்கிப் பிரஸ்ஸின் இரும்புக் காலில் முட்டுக் கொடுத்தாள். அந்த வித்தையை யார் சொல்லிக்கொடுத்தது? நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆரக்காலைப் பிடித்து இழுத்தாள் பாருங்கள், நான் மூச்சுப் பிடித்துச் சுற்றுகிற சக்கரம் தண்ணீர்க் கிணற்று உருளை மாதிரி வந்தது. அவளுக்குப் பாரம் என்றால் பாரம், அவ்வளவுதான். மேடம் இருக்கிறார்கள் என்கிற நினைவே இல்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு சுற்றினாள்.

மேடம் ஊசி ஓட ஆரம்பித்தது. மூன்று நாளாகத் தயங்கித் தயங்கிக் கீறின ஊசி, இப்போது எலி கொறிக்கிற மாதிரி நிற்காமல் போகிறது. எனக்குப் புரிந்துவிட்டது, இதுதான் என் படம். நான் ஜன்னல் பக்கம் இடது கையை உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, முகத்தை வெளிச்சத்துக்குக் கொடுத்து நின்றேன். ஒன்றரை மணி நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுசிலேயே நான் அவ்வளவு நன்றாக நின்றதில்லை. மேடம் என்னைப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். இரண்டு தடவை பார்த்தார்கள். ஒரு தடவை, "ஏகாம்பரம், வெளிச்சத்த மறைக்கிறீங்க," என்றார்கள். பிறகு உடனே, "இல்ல இல்ல, அப்படியே இருங்க, நகராதீங்க," என்றார்கள். நான் நகரவே இல்லை.

பிறகு மேடம் பிசின் பொடி தூவி மறுபடி ஆசிட்டில் போட்டு, பொடிப் பொடியாகப் பள்ளம் விழவைத்து, சுற்றிலும் நல்ல இருட்டாகப் பிடிக்க வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதனைக்கு ஒரு பிரதி எடுத்தோம். நான்தான் மை பூசினேன், நான்தான் சுற்றினேன், நான்தான் கம்பளியைத் தூக்கினேன். காகிதத்தை ஓரத்தில் பிடித்து மெல்ல உரித்தேன்.

உங்களுக்குத் தெரிகிறதுதான் எனக்கும் தெரிந்தது. செருகின சேலை. முட்டுக் கொடுத்த கால். சும்மாட்டுத் துணி. முதுகு. கழுத்துத் திரும்பின இடத்தில் ஒரு காது, காதில் ஒரு தோடு.

நான் வெகுநேரம் பார்த்தேன். மேடம், "எப்படி இருக்கு?" என்றார்கள்.

"முகம் தெரியலையே மேடம்," என்றேன்.

"முகம் எதுக்கு ஏகாம்பரம்? அந்த முதுகு பேசுதே."

அதைப் பிடித்துக்கொண்டேன். முகம் தெரியவில்லை. முகம் தெரியாவிட்டால் அது யாராகவும் இருக்கலாம். யாராகவும் இருக்கலாம் என்றால் நானாகவும் இருக்கலாம். சேலையா? லுங்கியைத் தூக்கிக் கட்டினால் பின்னால் அப்படித்தான் இருக்கும். சும்மாடு? தலைப்பாகை. ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தேன். தோட்டில்தான் இடித்தது. என் மாமியார் வீட்டில் எதைப் பார்க்காமல் விட்டாலும் தோட்டைப் பார்க்காமல் விட மாட்டார்கள். அது கவரிங் தோடு. பொன் தோடு எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் மேடம் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்த நேரம். தகட்டில் வேண்டாத கோட்டை அழிக்க மழுமழுவென்று ஒரு இரும்புக் கோல் இருக்கிறது. எண்ணெய் விட்டுத் தேய்த்தால் பள்ளம் அமுங்கிவிடும். அதை எடுத்தேன். தோடு இருக்கிற இடத்தைத் தேய்த்தேன். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தேன். தகட்டில் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. தோடு போயே போயிற்று. சந்தோஷமாகச் சோறு சாப்பிட்டேன்.

பதினாலு வருஷம் மை துடைத்தவன் நான். பள்ளம் இருந்தால் மை நிற்கும், கறுப்பாக விழும். பள்ளம் இல்லாவிட்டால் மை நிற்காது, வெள்ளையாக விழும். குழந்தைக்குத் தெரியும் இது. சுற்றிலும் அவ்வளவு இருட்டு வைத்த தகட்டில் ஒரு இடத்தை மட்டும் பளபளவென்று தேய்த்தால் என்ன ஆகும்?

அன்று சாயந்திரமே அடுத்த பிரதி எடுத்தபோது பூங்காவனமும் இருந்தாள். அன்றும் மழை. காகிதத்தை உரித்தேன். படம் முழுக்க இருட்டு, முதுகெல்லாம் இருட்டு, காதில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. எரிகிறது தம்பி. அறையில் விளக்குப் போட்ட மாதிரி எரிகிறது. முன்னால் தோடு இருந்ததை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது தோட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

பூங்காவனம் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். என் கட்டைவிரலில் இருந்த எண்ணெயைப் பார்த்தாள்.

"கவரிங்க வைரமாக்கிட்டீங்களே," என்றாள்.

மேடம் லென்ஸை வைத்துப் பார்த்தார்கள். நான் வேலை போயிற்று என்று நினைத்தேன். ஊருக்குப் போய் நிஜமாகவே மூட்டை தூக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வலது தோளிலா இடது தோளிலா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

"ஏகாம்பரம், இத நீங்களா செஞ்சீங்க?"

கட்டைவிரலை லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டு நாளா இந்தப் படத்துல என்னமோ கொறையுதுன்னு தவிச்சுக்கிட்டு இருக்கேன். எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

"யோசிச்சுத்தான் மேடம் செஞ்சேன்," என்றேன்.

பூங்காவனம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தை பிறந்தது. கண்ணாடி போட்டு, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அனுமந்தைக்குப் போனேன். கொண்டுபோகாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். வாயை விட்டாயிற்று, போகாவிட்டால் ஜூஸ் ஆயுசுக்கும் நிற்காது. போகிற வழியெல்லாம் பூங்காவனத்துக்குச் சொல்லிக்கொண்டே போனேன், "கேட்டா நான்னு சொல்லு. முதுகுதானே? உம் போடு போதும்." அவள் உம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மடியில் பூப்பொட்டலம் வைத்திருந்தாள், அது கசங்காமல் பார்த்துக்கொண்டாள்.

ஹோமப் புகை அடங்கி இலை போடுகிற நேரம். எல்லாரையும் வைத்துக்கொண்டு தணிகாசலம் தாளைப் பிரித்தான். கன்னியப்பன் மேஸ்திரிகூட வேட்டி துண்டோடு வந்திருந்தார். பிரித்தவன் ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"அக்கா."

கிண்டலாகச் சொல்லவில்லை. குழந்தை கூப்பிடுகிற மாதிரி சொன்னான். அந்த வீட்டுக்கு அவள் சுமந்த கலவை அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. மாமியார் வந்து கண்ணாடியின்மேல் விரலை வைத்து அந்த வெள்ளைப் பொட்டைத் தொட்டார்கள். "எம்மா, எம் பொண்ணு காதுல வைரம் போட்டுருக்கா," என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "நல்லா இருங்க மாப்ள," என்றார்கள். நான் என்ன சொல்வது? தேய்த்தது நான்தானே. ஏற்றுக்கொண்டேன்.

படத்தை எங்கே மாட்டினார்கள் என்கிறீர்கள்? நான் பூசின புடைப்பின்மேல்தான். தணிகாசலம் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து அளந்து பார்த்து அங்கேயே அடித்தான். கச்சிதமாக மறைந்துவிட்டது. ஆனால் புடைப்பினால் படம் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து நிற்கும், அவளே குனிந்து நம்மைப் பார்க்கிற மாதிரி.

சாப்பிட்டுக் கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றான் தணிகாசலம். ஜூஸ் முடிந்தது என்று நினைத்தேன். சொம்பை நீட்டிக்கொண்டே கேட்டான், "அப்ப மாமா, மெஷினு அக்கா சுத்துது. நீ கிளாஸு கழுவுறியா?"

படம் புரியாத ஜனங்கள் தம்பி. நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் என் தோள் வலி அதிகமாயிற்று. மேடமே பூங்காவனத்தைக் கேட்டார்கள், வருகிறாயா என்று. சித்தாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். மை பூசுவது, துடைப்பது, சுற்றுவது எல்லாம் இப்போது அவள். நான் காகிதம். மை பட்ட கையால் காகிதத்தைத் தொடக் கூடாது, பாழாகிவிடும், அதனால் எல்லாப் பட்டறையிலும் காகிதத்துக்கென்று சுத்தமான கையோடு ஒரு ஆள் இருக்க வேண்டும். பொறுப்பான வேலை. பாருங்கள் என் கையை. நகக்கண்ணில்கூட ஒரு பொட்டு மை இருக்காது.

இப்போது எழுந்து கிட்டே போய்ப் பாருங்கள். பன்னிரண்டாவது. அவளைப் பார்க்காதீர்கள், அவளைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். வலது ஓரம் பாருங்கள். ஜன்னல் இருக்கிறது, ஜன்னலில் பாதியை ஒரு கறுப்பு மறைக்கிறது, தெரிகிறதா? அது சுவர் இல்லை. தோள் மாதிரி இறங்குகிறதே. மேலே ஒரு கை உயர்ந்திருக்கிறது பாருங்கள். எந்தக் கை? வலது கை. நான் இடது கையை உயர்த்தினேன், அச்சில் வலதாக வந்திருக்கிறது, சரியாக வந்திருக்கிறது. உலகத்தில் வேறு எவன் அப்படி நின்றிருப்பான்? அதைத்தான் நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், பன்னிரண்டிலும் நான்தான். அந்தப் பக்கம் அவ்வளவு இருட்டு இல்லை என்றால் இந்தத் தோடு இப்படி மின்னுமா, நீங்களே சொல்லுங்கள்.

இருங்கள், சத்தம் நின்றுவிட்டது. கூப்பிடுகிறாள். காகிதத்தை நான்தான் எடுக்க வேண்டும். வாருங்கள், நீங்களும் வந்து பாருங்கள், மேடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஜன்னலாண்டை மட்டும் நிற்காதீர்கள் தம்பி. வெளிச்சத்தை மறைக்கிறது என்று அவளும் இப்போது சத்தம் போடுகிறாள்.